சீயக்காய் முதல் சடைப் பின்னல் வரை: வீட்டு அழகுப் பராமரிப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லும் அளவுகள் இடுப்பு வரை முடி உள்ள ஒருவருக்கானவை. தோள் வரை உள்ளவர்கள் பாதி எடுத்தால் போதும். எந்தப் பொருளையும் முதல்முறை பயன்படுத்துமுன் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, கழுவிவிட்டு, ஒரு முழு நாள் பொறுத்துப் பாருங்கள். மூலிகைக்கும் ஒவ்வாமை உண்டு.

சீயக்காய்த் தூள் அரைக்க எதை எவ்வளவு போட வேண்டும்?

சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூந்திக்கொட்டை 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காய்ந்த செம்பருத்திப் பூவும் இலையும் சேர்த்து இரண்டு கைப்பிடி, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு கைப்பிடி. அழுக்கை எடுப்பவை சீயக்காயும் பூந்திக்கொட்டையும்தான். பயறு எண்ணெயை உறிஞ்சும். வெந்தயமும் செம்பருத்தியும் வழுவழுப்பைத் தந்து சிக்கு விழாமல் காக்கும். பூலாங்கிழங்கு வாசனைக்கு. கைவசம் இல்லாததை விட்டுவிடலாம், ஆனால் வெந்தயத்தை மட்டும் விட வேண்டாம். அது இல்லாத தூள் முடியை வறட்டிவிடும்.

பூந்திக்கொட்டையில் நுரை தருவது மேல்தோல் மட்டுமே. உள்ளே இருக்கும் கறுப்பு விதை கல் மாதிரி. அதை உடைத்து எடுத்துவிட்டே மில்லுக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். சீயக்காயை ஒடித்தால் ‘படக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, அரைத்த தூள் கட்டிபிடித்துப் பூசணம் பூக்கும். சீயக்காய்க்கென்று தனி மிஷின் வைத்திருக்கும் மில்லில் கொடுப்பது நல்லது. அதன் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, மிளகாய் மல்லி அரைக்கும் மிஷினிலும் அதன் வாடை தங்கிவிடும். ஆறவைத்து, மெல்லிய துணியில் சலித்து, எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஈரக்கை படாமல் இருந்தால் ஆறு மாதம் தாங்கும்.

சீயக்காய் போட்டால் முடி விறைத்து, தூள் தூளாக ஒட்டிக்கொள்கிறதே?

பெரும்பாலும் தூளை ஊறவைக்காமல் தேய்ப்பதுதான் காரணம். நான்கு மேசைக்கரண்டித் தூளை ஒன்றரை டம்ளர் வெதுவெதுப்பான வடிகஞ்சியில் கரைத்து இருபது நிமிடம் வையுங்கள். கஞ்சி இல்லாவிட்டால் வெந்நீர். தோசை மாவை விடத் தளர்வாக இருக்க வேண்டும். அப்படியும் ஒட்டினால் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் தலையில் ஊற்றித் தேய்க்கலாம். வேலை செய்யும் சத்து முழுவதும் சாற்றிலேயே இறங்கியிருக்கும்.

இன்னொரு காரணம், எண்ணெய் வைக்காத தலையில் சீயக்காய் போடுவது. எண்ணெய்க் குளியலுக்கு ஏற்ற பலம் அதற்கு. எண்ணெயே இல்லாத முடியில் போட்டால் முடியின் சொந்தப் பசையையும் எடுத்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், சிவக்கும். தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தலையைப் பின்னால் சாய்த்து உட்காரவைத்து அலசுங்கள்.

அரப்பும் சீயக்காயும் ஒன்றா?

இல்லை. அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பச்சைத் தூள். கொங்குப் பகுதியிலும் மதுரைப் பக்கத்திலும் நல்லெண்ணெய்க் குளியல் என்றால் அரப்புதான். நுரை வராது, தண்ணீர் பட்டதும் வழவழவென்று கூழாகும். எண்ணெயை நன்றாக எடுக்கும், சீயக்காய் அளவுக்கு வறட்டாது, கண்ணிலும் அவ்வளவாக எரியாது. முடி வறண்டு பிளவுபட்டவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். மூன்று மேசைக்கரண்டித் தூளை மோரிலோ கஞ்சியிலோ பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும். பச்சைப் பிசிறு முடியில் தங்கும் என்பதே ஒரே குறை. குனிந்து நின்று ஓடும் தண்ணீரில் அலசினால் போய்விடும்.

போர் தண்ணீரில் எதைப் போட்டாலும் முடி பிசுபிசுவென்று இருக்கிறது.

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக முடியில் ஒட்டுகின்றன. தலைக்கு சோப்புக் கட்டியை மட்டும் தொடாதீர்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்து கடைசி அலசலுக்கு ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். படிவு கரைந்து முடி நெகிழும்.

எண்ணெயை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும்? இரவு முழுக்க வைக்கலாமா?

நல்லெண்ணெய் என்றால் அரை மணி முதல் முக்கால் மணி போதும். தேங்காய் எண்ணெயின் வேலை கொஞ்சம் வேறு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளேயே இறங்கக்கூடியது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன்பு தடவினாலும் பின்பு தடவினாலும் அந்தப் பலன் இருந்தது. ஆகவே முடி உடைபவர்கள் தலைக்குக் குளிக்க ஒரு மணி நேரம் முன்பு நடுமுடியிலிருந்து நுனி வரை தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உச்சந்தலையில் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வழிய வழிய வைத்துத் தூங்கினால் தலையணை வழியே நெற்றியிலும் கன்னத்திலும் எண்ணெய் இறங்கிப் பரு கிளம்பும். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க வைக்கவே கூடாது.

பொடுகுக்கு எண்ணெய் வைத்தால் அடங்குகிறது, பிறகு கூடிவிடுகிறது. ஏன்?

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அது தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளரும். எண்ணெய் வைத்ததும் செதில்கள் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அடியில் பூஞ்சைக்குத் தீனி கிடைக்கும். தயிரும் வெந்தயமும் அரிப்பைத் தணிக்கும், செதிலை ஊறவைத்து எடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். வாரம் இரண்டு முறை, தலையில் ஐந்து நிமிடம் வைத்து, நான்கு வாரம் போடுங்கள். இந்த இடத்தில் ‘இயற்கை மட்டுமே’ என்று பிடிவாதம் பிடித்து மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. சிவந்து தடித்த திட்டு இருந்தாலோ, புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் செதில் வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சினால் சிக்குவாடை வருகிறது. எங்கே தவறு?

தண்ணீர் வற்றுமுன் இறக்கிவிடுகிறீர்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்குக் கால் லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாறு. அடிகனமான இரும்புச் சட்டியில், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், சிறுதீயில் வையுங்கள். முதலில் நுரை பொங்கும், சடசடக்கும். சத்தம் அடங்கியதும் அடியில் உள்ள வண்டலை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். சேறு போல ஒட்டினால் ஈரம் மீதி. மணல் போல நறநறத்தால் பதம் வந்துவிட்டது. இன்னொரு சோதனை: பஞ்சுத் திரியை எண்ணெயில் தோய்த்து, அடுப்பிலிருந்து தள்ளி எடுத்துப்போய்க் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. ஆறிய பிறகு வடிகட்டி, துடைத்துக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

நரைத்த முடியை இந்தத் தைலம் கறுப்பாக்காது. வேர்ப்பையில் நிறமி சுரக்கும் செல்கள் நின்றுபோவதால் வருவது நரை. எண்ணெய் முடியை மினுக்கும், கறுத்துக் காட்டும். நிறம் மாற்ற மருதாணியும் அவுரி என்ற நீலச்சாயச் செடியின் இலைத்தூளும்தான் வழி.

தலைக்கு மருதாணி போட்டால் நிறமே பிடிக்கவில்லை. சரியான முறை என்ன?

மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தடுக்கும் எதுவும் நிறத்தைக் கெடுக்கும். முதல் தடை எண்ணெய். எண்ணெய்த் தலையில் மருதாணி போட்டால் சாயம் முடியைத் தொடுவதே இல்லை. முந்தின நாள் தலைக்குக் குளித்து, காய்ந்த முடியில்தான் போட வேண்டும். இரண்டாவது தடை முட்டை, தயிர். பக்குவம் என்று நினைத்துச் சேர்க்கிறோம். அவற்றின் புரதம் முடிக்குப் போக வேண்டிய சாயத்தைத் தான் பிடித்துக்கொள்ளும்.

200 கிராம் தூளை ஆறிய தேயிலை டிகாஷனில் குழைத்து, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து மூடி வையுங்கள். லேசான புளிப்பில்தான் சாயம் நிதானமாக வெளியே வரும். நம் ஊர் வெக்கைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். குளிர்ந்த நாளில் இரவு முழுக்க. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறம் பிடித்தால் தயார். ஒரு நாளைத் தாண்டினால் சாயம் செத்துவிடும். கையுறை போட்டு, நெற்றி ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து வேரிலிருந்து பூசுங்கள். பூச்சு காயக்கூடாது, காய்ந்தால் சாயம் ஏறுவது நின்றுவிடும், கழுவும்போது முடியும் உடையும். பிளாஸ்டிக் தொப்பி போட்டு மூன்று மணி நேரம் வைத்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு நாளைக்கு ஷாம்பு வேண்டாம். அந்த இரண்டு நாளில் பளிச்சென்ற செம்மஞ்சள் தானாகவே ஆழ்ந்த செம்பழுப்பாக மாறும்.

கடையில் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். சுத்தமான தூள் மங்கிய பச்சையாக, வைக்கோல் வாடையோடு இருக்கும். உலோக உப்பு கலந்த மருதாணி போட்ட முடியில் பின்னாளில் ப்ளீச் செய்தால் முடி சூடாகிக் கருகிப்போகலாம்.

கறுப்பாகவே வேண்டும் என்றால்?

மருதாணி அலசிய அன்றோ மறுநாளோ அவுரித் தூள் போட வேண்டும். இதன் விதிகள் மருதாணிக்கு நேர் எதிர். புளிப்பு ஆகாது, இரவு ஊறவைப்பதும் ஆகாது. 200 கிராம் அவுரித் தூளில் ஒரு சிட்டிகை உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். கால் மணி நேரத்தில் மேற்பரப்பு நீலம் பூக்கும். உடனே பூசிவிடுங்கள், தாமதித்தால் பயனில்லை. ஒன்றரை மணி நேரம் வைத்து அலசினால் முடி முதலில் பச்சையும் நீலமுமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு இரண்டு நாளில் கறுக்கும். மருதாணி போடாமல் நரைமுடியில் அவுரி மட்டும் போட்டால் நீலச்சாயல் தங்கிவிடும்.

கையில் மருதாணி சிவக்க என்ன செய்யலாம்? ‘பிளாக்’ கோன் போடலாமா?

இலையைத் தண்ணீர் குறைவாக, வெண்ணெய் போல அரைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஆறு மணி நேரமாவது கையில் இருக்கட்டும். எடுக்கும்போது கழுவாமல் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பன்னிரண்டு மணி நேரம் சோப்பு படாவிட்டால் மறுநாள் மாலை நிறம் உச்சத்துக்கு வரும்.

கறுப்புக் கோன் வேண்டவே வேண்டாம். மருதாணிக்குக் கறுப்பு நிறமே கிடையாது. பத்து நிமிடத்தில் கறுக்கிறது என்றால், தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அது கொப்புளம் கிளப்பும், கோலம் போட்ட வடிவிலேயே தழும்பு விடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் தலைச்சாயம் தொட முடியாது. கைக்குழந்தைக்குச் சுத்தமான மருதாணியும் வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது தோல் வழியே இறங்கி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்திருக்கிறது.

நலங்கு மாவில் கார்போக அரிசி சேர்க்கலாமா?

அரிசி என்று பெயர் இருந்தாலும் இது ஒரு மூலிகை விதை. பழைய பட்டியல்களில் இருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் கேட்காமலேயே போட்டுத் தருவார்கள். முகத்துக்குப் போடும் மாவில் சேர்க்காதீர்கள் என்பதே எங்கள் முடிவு. அதில் சோரலென் என்ற பொருள் உண்டு. தோலில் பட்ட பிறகு வெயில் பட்டால் தோல் கன்றிக் கறுக்கும். வெண்புள்ளிக்கு வைத்தியர் மேற்பார்வையில் அதைப் பயன்படுத்துவதும் இந்தக் குணத்துக்காகத்தான். நிறம் தெளிய வேண்டும் என்று பூசிக்கொண்டு வெயிலில் போனால் நேர்மாறாகிவிடும்.

பச்சைப்பயறு அரை கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஒவ்வொன்றும் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம் போதும். உண்மையான கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறிய நிறத்தில், கற்பூர வாசனையோடு இருக்கும். பளபளவென்று மஞ்சளாக இருந்தால் அது வேறு கிழங்கு. மாவை மிக நைசாகச் சலியுங்கள். வெட்டிவேர் நார் முகத்தைக் கீறும். பாலிலோ பன்னீரிலோ குழைத்துப் பூசி, பாதி காய்ந்ததும் தண்ணீர் தொட்டுக் கழுவுங்கள். முகம் இறுகும்வரை காயவிடக் கூடாது. முல்தானி மட்டிக்கும் இதே விதி.

எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை முகத்தில் போடலாமா?

மூன்றும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும், மாதக்கணக்கில் நிற்கும் கருந்திட்டும் வரும். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. சோடா காரம், அந்தக் காப்பைக் குலைத்துவிடும். பற்பசை பருவைக் காயவைப்பதாகத் தோன்றும், சுற்றியுள்ள தோலைச் சேர்த்துப் புண்ணாக்கும்.

கற்றாழை தடவினால் அரிக்கிறது.

மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால்தான் அரிக்கிறது. வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழெட்டு முறை கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். மீதியை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். தண்ணீர் கலந்த எல்லா வீட்டுப் பூச்சுக்கும் அதுதான் ஆயுள்.

பின்னல் மதியத்துக்குள் தளர்ந்துவிடுகிறது.

குளித்த அன்றே பின்னினால் முடி வழுக்கும். மறுநாள் முடிதான் பின்னலுக்கு ஏற்றது. அன்றே போக வேண்டியிருந்தால் விரலில் ஒரு சொட்டுக் கற்றாழைச் சோறு தொட்டுப் பின்னலின் கால்களில், அதாவது பின்னுவதற்குப் பிரித்த மூன்று முடிக்கற்றைகளில், தடவிக்கொள்ளுங்கள். சிக்கை நுனியிலிருந்து மேல்நோக்கி எடுத்து, மூன்று காலும் ஒரே கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மெலிந்தால் பின்னல் அந்தப் பக்கம் திருகும். முதல் மூன்று பிணைப்பைக் கழுத்தை ஒட்டி இறுக்கமாகவும், அதன்பின் ஒரே சீராகவும் பின்னுங்கள். நுனி மெலிந்தவர்கள் சவுரியை நடுவில் தனிக்காலாக விடாமல், மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு காலோடும் சேர்த்தால் வெளியே தெரியாது.

பிரெஞ்சுப் பின்னலை எனக்கு நானே போட முடியுமா?

முடியும். கண்ணாடி பார்க்காதீர்கள், இடம் வலம் மாறிக் கை குழம்பும். உச்சியில் மூன்று விரல் அகலத்துக்கு முடி எடுத்து மூன்று காலாக்கி ஒருமுறை பின்னுங்கள். அடுத்து வலக்காலை நடுவுக்குக் கொண்டுவருமுன், வலப்புறக் காதோரத்திலிருந்து சுண்டுவிரலால் ஒரு கீற்று முடி எடுத்து அதோடு சேருங்கள். இடமும் அப்படியே. கீற்றுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். கை தலையை விட்டு விலகினால் பின்னல் தொங்கும். கழுத்துக்கு வந்ததும் எல்லா முடியும் சேர்ந்திருக்கும், பிறகு சாதாரணப் பின்னல்தான். முதல் நாலைந்து முறை கோணலாகத்தான் வரும், கை வலிக்கும்.

கொண்டை நிற்கவில்லை, ஹேர்பின்னும் குத்துகிறது.

ஹேர்பின்னை எல்லோரும் தலைகீழாகக் குத்துகிறார்கள். வளைவு வளைவான பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த வளைவுதான் முடியைப் பிடிக்கிறது. கொண்டையின் ஓர முடியைக் கொஞ்சம் எடுத்து, பின்னை வெளிப்புறம் பார்த்து நுழைத்து, அப்படியே திருப்பி உள்ளே தள்ளுங்கள். இரண்டு பின்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் பூவின் கனத்தையும் தாங்கும். பூச்சரத்தைக் கொண்டை முடிந்த பிறகு தனிப் பின்னில் மாட்டுங்கள். சரத்தைச் சேர்த்துக் குத்தினால் நார் அறுந்து வழியெல்லாம் பூ உதிரும்.

சூடு வைக்காமல் சுருள் முடி?

முக்கால் பாகம் காய்ந்த முடியில் நாலைந்து சிறு பின்னல் போட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்து விரலால் கோதுங்கள். சீப்பு போட்டால் சுருள் பரந்துவிடும். சொட்டச் சொட்டப் பின்னினால் காலையிலும் ஈரம் இருக்கும், நாற்றம் எடுக்கும்.

பள்ளிக்கு இரட்டைச் சடை போடும் பிள்ளைக்கு முன்நெற்றியில் முடி குறைகிறது. பேனும் இருக்கிறது.

தினம் ஒரே வகிடெடுத்து இறுக்கி இழுப்பதால் வேர் தளர்கிறது. பின்னிய பிறகு பிள்ளை புருவத்தை உயர்த்தும்போது நெற்றி வலித்தால் அது இறுக்கம் அதிகம். வகிட்டை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி ரிப்பன் கட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் கவனித்தால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும்.

பேனுக்கு, ஈர முடியில் எண்ணெய் தடவி, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனி வரை பகுதி பகுதியாக வாருங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் ஒருநாள் வாரியது கணக்கில் வராது. மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் வார வேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் அன்றே பாருங்கள். மண்ணெண்ணெய் தடவுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது தோலைப் பொசுக்கும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும்.

காய்ச்சலுக்குப் பிறகு கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. எந்த எண்ணெய் நல்லது?

எதுவும் இதை நிறுத்தாது, தேவையும் இல்லை. டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்திலும், பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்திலும் இப்படிக் கொட்டுவது வழக்கம். உடம்பு தேறத் தேற, ஆறு மாதத்தில் தானாக அடங்கும். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, காசு அளவுக்கு வட்டமாக முடி போனாலோ, வகிடு அகலமானாலோ ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் பரிசோதித்து, ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.